ஏழு கணினிகளுக்கு எத்தனை உரிமம் வேண்டும்?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர், சம்பா அறுவடை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு கொட்டேஷனை என் மேசையில் வைத்தார். அவருடைய அலுவலகத்தில் இருக்கும் ஏழு கணினிகளுக்கும், வேர்டு, எக்செல் போன்றவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 சந்தா எடுப்பதற்கான விலை அதில் இருந்தது. "ஏழுக்கும் வாங்கணுமா, இல்ல சும்மா கிடைக்கிறதப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். கும்பகோணத்தில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களின் கணினி, கணக்கு வேலைகளைப் பார்த்துக்கொடுப்பவன் என்ற முறையில், இதே கேள்வியைப் பாத்திரக் கடையிலும் பட்டு நெசவாளர் சங்கத்திலும் உரக்கடையிலும் எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அலுவலகம் முழுவதற்கும் ஒரே பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஓர் அரிசி ஆலையின் எடைமேடைக் கணினியும் அதே ஆலையின் கணக்கர் மேசைக் கணினியும் செய்யும் வேலைகளுக்கிடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு; எனவே உரிமம் வேண்டுமா என்ற கேள்வியையும் ஒவ்வொரு கணினியாகத்தான் கேட்கவேண்டும்.

இருக்கிறபடியே விட்டுவிடுவது என்ற வழியை முதலில் பார்த்து முடித்துவிடலாம், ஏனெனில் அதைத்தான் பலர் மனத்துக்குள் இலவச வழியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆலையில் ஐந்து கணினிகளில் இருந்தவை, கணினியை விற்றவர் 'போட்டுக் கொடுத்த' உரிமமற்ற மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் பிரதிகள். மற்ற இரண்டும் மடிக்கணினிகள். அவற்றோடு வந்த 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' பதிப்பு காசு கொடுத்து வாங்கியதுதான் என்றாலும், அதன் உரிமம் வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டுமே உரியது, வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு, உரிமமற்ற பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாட்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. லாபத்துக்காகவோ வணிகத்திலோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட்டுவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; வியாபாரம் செய்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. சட்டத்தை விடுங்கள், உரிமத்தை ஏமாற்றுவதற்காக நிறுவப்படும் 'கிராக்' நிரல், பெரும்பாலும் வைரஸ் காவலை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறது. டாலி என்ற கணக்கு மென்பொருளின் பதிவுகளும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கிற கணினியில் அதை அனுமதிப்பவர், களஞ்சியத்தின் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்துவைப்பவருக்குச் சமம்.

அடுத்தது, காசு கொடுத்து வாங்கும் வழி. இதிலேயே இரண்டு வகை உண்டு. ஆண்டுதோறும் கட்டும் சந்தா ஒன்று. ஒருமுறை விலை கொடுத்து ஒரு கணினியில் வைத்துக்கொள்ளும் 'ஆஃபீஸ் 2024' போன்ற பதிப்பு மற்றொன்று. ஒருமுறை வாங்கியது காலத்துக்கும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. 2016, 2019 பதிப்புகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் வரைதான் காலம். ஆகவே அதுவும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவது போன்றதுதான். ஆனால் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் வாங்குபவருக்கு, ஆண்டுதோறும் நினைவுவைத்துக் கட்டவேண்டிய தொல்லை இல்லாத அந்த வழியே ஒத்துவரும் என்பது என் கருத்து. கடையில் கேட்கும்போது வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை தரும் 'ஹோம் அண்ட் பிசினஸ்' பதிப்பா என்று பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும்.

இனி இலவசமாகக் கிடைப்பவை. இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் ஒன்றல்ல; மென்பொருளை எழுதிய மூல நிரலே வெளியில் திறந்திருந்து, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவதுதான் கட்டற்றது. கூகுள் கணக்கோடு வரும் விரிதாளும் ஆவணமும் 15 ஜிபி வரை இலவசம். ஆனால் கோப்பு இருப்பது அவர்களுடைய கணினியில், இணையம் இல்லாத நேரத்துக்கு முன்னேற்பாடு செய்துவைக்காவிட்டால் கைக்கு எட்டாது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு வளர்த்தெடுத்த ஜோஹோவின் ரைட்டர், ஷீட் ஆகிய மென்பொருள்கள் நன்றாக வேலை செய்கின்றன. நம் ஊர்க்காரரின் நிறுவனம் என்ற பெருமிதம் எனக்கும் உண்டு, ஆனால் அவையும் இணையத்தை நம்பியவை, அவற்றின் மூல நிரலும் வெளியில் இல்லை. டபிள்யூபிஎஸ் ஆஃபீஸின் இலவசப் பதிப்பு விளம்பரங்களோடு வருவது, தனிநபருக்கானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தின் அருகே கஜா புயல் கரையேறிய பிறகு, திருவாரூர், நாகை மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் பல நாட்கள் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஆலைக்காரர் கணினியை இயக்க முடிந்தது. ஆனால் கணினி ஓடியும், இணையத்திலிருந்த கோப்பை எடுக்க முடியவில்லை. டெல்டாவில் தொழில் செய்பவர், முதன்மைப் பதிவேட்டைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு, நகலை மட்டும் இணையத்தில் வைப்பதுதான் விவேகம். புயல் ஆண்டுதோறும் வருவதில்லை என்பார்கள். கேபிள் அறுபடுவது மாதந்தோறும் நடக்கிறது.

எனவே போட்டி உண்மையில் கணினியிலேயே நிறுவக்கூடிய கட்டற்ற மென்பொருள்களுக்கு இடையேதான். அவற்றில் பழகிய பெயர் ஓப்பன் ஆஃபீஸ். ஜெர்மனியில் ஸ்டார் ஆஃபீஸ் என்ற பெயரில் விற்கப்பட்டுவந்த மென்பொருளை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000இல் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டதிலிருந்து அந்தப் பெயர் தொடங்குகிறது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010ஆம் ஆண்டிலேயே, அதை உருவாக்கிவந்த பலர் பிரிந்து தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை ஏற்படுத்தி, லிப்ரே ஆஃபீஸ் என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். இப்போது அப்பாச்சி ஓப்பன் ஆஃபீஸ் என்ற பெயரில் கிடைப்பது, 2014இல் வந்த 4.1 பதிப்பின் சிறுசிறு திருத்தங்கள் மட்டுமே. அதில் வேர்டு, எக்செல் கோப்பு வடிவங்களான டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளைத் திறக்க முடியும், அந்த வடிவத்தில் சேமிக்க முடியாது. ஆடிட்டருக்கு எக்செல் கோப்பாக அனுப்பவேண்டிய அலுவலகத்துக்கு இந்த ஒரு குறையே போதும், அதை ஒதுக்கிவிடலாம். பெயர் பழக்கத்தால் இன்னமும் சிலர் அதைத்தான் தரவிறக்குகிறார்கள், பிறகு 'கட்டற்ற மென்பொருள் சரிப்படாது' என்று முடிவுகட்டுகிறார்கள். ஒன்லி ஆஃபீஸ் என்ற மூன்றாவது மென்பொருளின் தோற்றம் மைக்ரோசாஃப்ட்டுடையதைப் போலவே இருக்கும், மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு வடிவங்களிலேயே அது இயல்பாக வேலை செய்யும். வெளியாரோடு ஆவணம் கைமாறுவதே முழுநேர வேலையாக இருப்பவர் அதைப் பார்க்கலாம். ஆலைக்கு நான் லிப்ரே ஆஃபீஸையே எடுத்தேன். ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வருகிறது, தமிழ் இடைமுகம் இருக்கிறது, மொழி அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்துகொண்டால் எண்களை லட்சம், கோடி என்று நம் வழக்கப்படி காற்புள்ளியிட்டுக் காட்டுகிறது.

இப்போது கணினிகளுக்கு வருவோம். எடைமேடையில் இருந்தவர் பயன்படுத்திய எக்செல் கோப்பை நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முற்பகல் முழுதும் பார்த்தேன். வண்டி எண், நெல் ரகம், ஏற்றிய எடை, வெற்று எடை, நிகர எடை, ஈரப்பதம், கழிவு என்று ஏழு பத்திகள். மீட்டரில் ஈரப்பதம் பார்த்து எண்ணைத் தட்டினால், அரசு கொள்முதல் நிலையங்களின் வழக்கமான வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் போனதற்கு மட்டும் கழிவு போடும் ஒரு ஃபார்முலா. அவ்வளவுதான் அந்தக் கணினியில் எக்செல்லின் வேலை. லிப்ரே ஆஃபீஸின் விரிதாளான கால்க்கில் அதே கோப்பைத் திறந்தபோது ஃபார்முலா, நிறம், பத்தி அகலம் எல்லாம் அப்படியே வந்தன. அச்சிடும்போது மட்டும் சீட்டு ஒரு வரி கீழே இறங்கியது, பக்க ஓரத்தைச் சரிசெய்ததும் தீர்ந்தது. கிடங்கின் சாக்குக் கணக்கு, பில் மேசையின் விலைப்பட்டியல், முதலாளி அறையில் பார்ப்பதற்கு மட்டும் திறக்கப்படும் அறிக்கைகள் ஆகியவையும் இதே தரத்தவை. வரிசை எண்ணிக்கையில் எக்செல்லும் கால்க்கும் சமம், 10,48,576 வரிசைகள். பத்திகளின் எண்ணிக்கையும் 2022இல் வந்த லிப்ரே ஆஃபீஸ் 7.4 பதிப்பிலிருந்து சமமாகிவிட்டது. பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத் தரும், பலரும் கேட்கும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா 2024 ஆகஸ்ட்டில் வந்த 24.8 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு அது வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 ஆகஸ்ட்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஆதரவு இல்லை. எடைமேடைக் கணினி விண்டோஸ் 7இல் ஓடிக்கொண்டிருந்தது, எடை இயந்திரத்தோடு பேசும் நிரல் அதில்தான் வேலை செய்யும். அங்கே பழைய பதிப்பொன்றை நிறுவி, அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டோம். விண்டோஸை விட்டு, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கே போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, டெல்டாவின் கணக்கர் டாலியை விட்டு வரமாட்டார். அலுவலக மென்பொருளை மாற்றுவது ஒரு வேலை, இயங்குதளத்தை மாற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்யப் புகுந்தவர்கள் இரண்டையும் பழைய நிலைக்கே திருப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் கணக்கர் மேசையில் இருந்தது. ஜிஎஸ்டி தளத்திலிருந்து, வாங்கியவற்றுக்கான வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையை எக்செல் வடிவில் இறக்கிக் கால்க்கில் திறந்து பார்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஆண்டுக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-9க்கு அரசு தரும் இணையமற்ற கருவி, மேக்ரோக்கள் எனப்படும் சிறு நிரல்கள் நிறைந்த ஓர் எக்செல் கோப்பு. அது மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால்தான் சரிபார்த்து, தளத்தில் ஏற்றவேண்டிய ஜேசன் கோப்பை உண்டாக்கித் தரும். சரக்கைக் கொண்டுசெல்வதற்கான இ-வே பில்களை மொத்தமாகத் தயாரிக்கும் கருவியும் வருமான வரித் துறையின் எக்செல் கருவிகளும் இதே குலம். மைக்ரோசாஃப்ட்டின் மேக்ரோ மொழியை லிப்ரே ஆஃபீஸ் ஓரளவு புரிந்துகொள்ளும் என்றாலும், அபராதத் தேதி நெருங்குகிற வேளையில் 'ஓரளவு' என்பதை நம்பி உட்கார முடியாது. குடிமக்களிடம் வரிக்கணக்கு கேட்கும் அரசு, அந்தக் கணக்கைத் தருவதற்கு ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை வாங்கியாகவேண்டிய நிலையில் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்த மனக்குறையை வைத்துக்கொண்டு ஆலைக்காரரின் ரிட்டர்னைத் தாமதப்படுத்தவும் முடியாது. எனவே கணக்குப் பிரிவின் இரண்டு கணினிகளில் ஒன்றுக்கு மட்டும் முறையான எக்செல் உரிமம் என்று முடிவாயிற்று. ரிட்டர்ன் முழுவதையும் ஆடிட்டர் அலுவலகமே தாக்கல் செய்யும் சிறு கடைகளுக்கு அந்த ஒன்றுகூடத் தேவைப்படாது.

இன்னொரு சிக்கல் எதிர்பாராத இடத்தில் இருந்தது, அதற்கு மைக்ரோசாஃப்ட்டும் காரணமில்லை, லிப்ரே ஆஃபீஸும் காரணமில்லை. கடிதப் போக்குவரத்துக் கணினியில் பதினைந்து ஆண்டுத் தமிழ்க் கடிதங்கள், குத்தகைப் பத்திரங்கள், கூலி ஒப்பந்தங்கள் எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருந்தன. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய இந்த எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் ஒட்டப்பட்டிருக்கும்; எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தட்டச்சுப் பணியாளர் புதிய மென்பொருளில் முதல் கடிதத்தைத் திறந்ததும் "சார், எல்லாம் போச்சு" என்று கூப்பிட்டார். போகவில்லை, கணினியைப் புதிதாக அமைத்தபோது பாமினி எழுத்துருவை நிறுவ மறந்திருந்தோம். அதை நிறுவியதும் கடிதம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடிதங்களுக்குள் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு வாசகத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. என்எச்எம் மாற்றி போன்ற இலவசக் கருவி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால்தான் அது முடியும், மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கவும் வேண்டும். பத்திரத்தில் ஓர் எண் மாறினால் வழக்காகிவிடும். இந்தச் செலவு எந்த அலுவலக மென்பொருளை வைத்திருந்தாலும் ஒருநாள் வந்தே தீரும். அதை 'இலவச மென்பொருளுக்கு மாறியதால் வந்த செலவு' என்று எழுதுவது தவறான கணக்கு.

தட்டச்சு முறை மாறிவிடுமோ என்ற பயமும் அந்தப் பணியாளருக்கு இருந்தது. அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியவர், பழைய தட்டச்சுப்பொறி முறையில்தான் விரல் ஓடும். விசைப்பலகை முறை அலுவலக மென்பொருளைச் சேர்ந்ததல்ல. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவியில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்துகொண்டால் அதே விரல்களால் ஒருங்குறியில் அடிக்கலாம் என்று காட்டியபின் அவர் சமாதானமானார்.

கோப்புகள் கைமாறும்போது தோற்றம் கலைவதற்கு மற்றொரு காரணமும் எழுத்துருவே. கலிப்ரி, கேம்ப்ரியா ஆகியவை மைக்ரோசாஃப்ட்டுக்கு உரியவை. அவற்றின் அகல அளவுகளுக்கு ஒத்த கார்லிட்டோ, கலடேயா என்ற எழுத்துருக்கள் லிப்ரே ஆஃபீஸோடு வருவதால் ஆங்கிலக் கடிதத்தில் வரி முறிவது பெரும்பாலும் மாறுவதில்லை. வெளியே போகும் கடிதத்தை பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. திருத்தவேண்டிய கோப்புகளுக்காக, அமைப்புகளில் சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முதல் நாளே மாற்றிவைத்தோம். கட்டற்ற வடிவமான ஓடிஎஃப், 2006இலிருந்து ஐஎஸ்ஓ தரமாக இருக்கிறது, கொள்கையளவில் அதுவே சிறந்தது. ஆனால் நெல் வியாபாரியிடமும் வங்கி மேலாளரிடமும் கொள்கை பேசி ஆவதொன்றுமில்லை.

பணக் கணக்கு. உரிமத்தின் விலை ஆண்டுக்காண்டு மாறுவதால், ஒரு பேச்சுக்கு ஓர் உரிமத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு கணினிகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 2,10,000 ரூபாய். இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,47,800. பிற தொழிலில் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அரிசி ஆலையின் கதை வேறு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட, லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தபோது, நம் ஆலைகள் 26 கிலோ பைக்கு மாறின. வரி இல்லாத அரிசிக்கு உள்ளீட்டு வரவும் இல்லை, ஆக மென்பொருளுக்குக் கட்டும் 18 சதவீதம் கைப்பணம். ஒரு கிலோவைக் கூட்டி வரியைக் கழித்த இவ்வளவு கணக்கான மனிதர்கள், திறக்காத மென்பொருளுக்கு ஏழு மடங்கு கட்டத் துணிவதுதான் எனக்கு வியப்பு. ஒரே ஓர் உரிமத்துக்கு ஐந்து ஆண்டில் வரியோடு 35,400 ரூபாய், மிச்சம் 2,12,400. அதிலிருந்து, ஆறு பேர் பழகிக்கொள்ளும் ஐந்து நாள் வேலை மந்தத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் 18,000, படிவங்களை அமைத்துக் கொடுக்கும் கூலி 15,000 என்று கழித்தால், 1,79,400 ரூபாய் நிற்கிறது.

பழகுவதற்கு ஐந்து நாள் என்றது இளைஞர்களுக்கு மிகை. 2018இல் புதுப்பிக்கப்பட்ட நம் மாநிலப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்கள் ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றைக் கொண்டுதான் பாடம் நடத்துகின்றன. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பில் மேசையில் இருக்கும் பெண் பள்ளியில் கால்க் படித்தவர், எங்களுக்கு முன்பே மெனுக்களைக் கண்டுபிடித்தார். ஐம்பதைக் கடந்த கணக்கர்தான் பழைய எக்செல்லின் மேல்பட்டையைத் தேடினார். 'தாவல்' முறைத் தோற்றத்தைத் தேர்ந்து கொடுத்தபின் அவருடைய முறுமுறுப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னமும் இருக்கிறது. ஆளின் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் மேலிருந்து உத்தரவு போட்டு நடத்துவது பெரிய இடங்களிலும் நிலைப்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. என்றாலும் அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் தன் 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது.

எப்போது மாறுவது என்பதை டெல்டாவில் ஆறுதான் முடிவுசெய்யும். தை, மாசியில் நெல் வண்டிகள் வரிசையில் நிற்கும். பங்குனியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. எனவே சித்திரை பிற்பகுதியில் தொடங்கி, ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் என்று ஊர் எதிர்பார்த்திருக்கும் காலத்துக்குள் முடித்தோம். எல்லாக் கோப்புகளையும் முதலில் வெளி வட்டில் நகலெடுத்து, முதல் வாரம் கிடங்கிலும் முதலாளி அறையிலும், மூன்றாம் வாரம் பில் மேசையிலும் எடைமேடையிலும், கடைசியாகக் கடிதக் கணினியிலும் கணக்கரின் இரண்டாம் கணினியிலும் மாற்றினோம். பாமினிக் கடிதங்களை மொத்தமாக மாற்றவில்லை. நடப்பிலுள்ள குத்தகைப் பத்திரங்களை மட்டும் ஒருங்குறியாக்கி வைத்திருக்கிறோம். மற்றவை தேவைப்படும் நாளில், தேவைப்படும் தாள் மட்டும். உரிமம் பெற்ற அந்த ஒற்றை எக்செல்லைக் கணக்கர் தம் மேசையில் வைத்திருக்கிறார், வேறு எவரையும் அதில் உட்கார விடுவதில்லை.